எர்க் தண்ணீரில் மிதக்காது

எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் பந்தயப் படகை ரோயிங்காரர்கள் சுருக்கமாக 'எய்ட்' என்பார்கள். நீளம் 17 மீட்டருக்கு மேல். அகலம் 60 செ.மீ. அளவுதான். உட்கார்ந்தால் இடுப்புக்கு இரண்டு பக்கமும் விரற்கடை இடம் மிஞ்சினால் அதிகம். சர்வதேச விதிப்படி படகின் குறைந்தபட்ச எடை 96 கிலோ. அதில் ஏறும் எட்டுப் பேரையும், எதிரே உட்கார்ந்து திசை திருப்பும் காக்ஸையும் சேர்த்தால், ஆண்கள் அணியில் 750 கிலோ சுலபமாக வந்துவிடும். படகைப் போல ஏழெட்டு மடங்கு. இந்தக் கணக்கு பிடிபட்டால், கல்லூரி ரோயிங்கில் பயிற்சியாளர் மெகாபோனில் எதற்காக அப்படிக் கத்துகிறார் என்பதில் பாதி புரிந்துவிடும்.

நம் பக்கத்தில் படகுப் போட்டி என்றதும் கேரளத்துச் சுண்டன் வள்ளம்தான் ஞாபகத்துக்கு வரும். அது வேறு வித்தை. அங்கே முன்னால் பார்த்து உட்கார்ந்து, கையில் பிடித்த துடுப்பை எதிலும் மாட்டாமல் குத்தி வலிக்கிறார்கள். ரோயிங்கில் ஆட்கள் பின்னோக்கி உட்காருகிறார்கள். பாதங்கள் ஒரு பலகையில் மாட்டிய ஷூவுக்குள் இருக்கும். துடுப்பு, படகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரிக்கரில் பூட்டியிருக்கும். உட்காரும் பலகைக்குச் சக்கரம் உண்டு, தண்டவாளம் போன்ற ஸ்லைடில் முன்னும் பின்னும் ஓடும். ஒருவருக்கு ஒரே துடுப்பு, நீளம் 3.7 மீட்டர் சுமார். எவ்வளவு வலுவாக இழுத்தாலும் போய்ச் சேருகிற இடம் காக்ஸைத் தவிர யாருக்கும் தெரியாது.

சக்கரம் வைத்த அந்தப் பலகையில்தான் வினையே இருக்கிறது. ஒரு இழுப்புக்கு நான்கு கட்டம்: துடுப்பைத் தண்ணீரில் வைக்கும் கேட்ச், காலால் தள்ளும் டிரைவ், துடுப்பை வெளியே எடுக்கும் ஃபினிஷ், அடுத்த இழுப்புக்காக முன்னே வரும் ரிக்கவரி. டிரைவில் வரிசை கால், முதுகு, கை. ரிக்கவரியில் அப்படியே தலைகீழ்: கை, முதுகு, கால். படகு எப்போது வேகமாக ஓடுகிறது என்று புதியவரைக் கேட்டால் "இழுக்கும்போது" என்பார். இல்லை. ரிக்கவரியில்தான். துடுப்புகள் காற்றில் இருக்க, ஏழு எட்டு மடங்கு எடையுள்ள உடல்கள் காக்ஸ் பக்கமாக நகர, இலேசான படகு அவர்களுக்கு அடியில் எதிர்ப்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னே ஓடும். கேட்சை ஒட்டித்தான் அதன் வேகம் மிகக் குறைவு. எட்டு ஜோடிப் பாதங்களும் அந்த நேரத்தில் பலகையை மிதித்து, படகைப் பின்னால் உதைக்கின்றன.

இப்போது ஒருவர் மட்டும் அவசரப்பட்டு ஸ்லைடில் சரசரவென்று முன்னே வந்துவிட்டால் என்ன ஆகும்? அவருடைய 85 கிலோவும் கடைசியில் முட்டி நிற்கும். அந்த முட்டலை வாங்கிக்கொள்வது படகு. 'ஸ்லைடை ரஷ் பண்ணாதே' என்று பயிற்சியாளர் தொண்டை கட்டக் கத்துவது இதற்குத்தான். நிமிடத்துக்கு 20 இழுப்பு என்றால் ஒரு இழுப்புக்கு 3 வினாடி. சுமாராக ஒரு பங்கு டிரைவுக்கு, இரண்டு பங்கு ரிக்கவரிக்கு. 36-க்கு ஏறினால் மொத்தமே 1.67 வினாடி. அப்போதும் ரிக்கவரி டிரைவை விட நீளமாகத் தெரியவேண்டும். பலசாலிகள் எல்லாக் கல்லூரியிலும் கிடைப்பார்கள். எட்டுப் பேரும் ஒரே அளவு பொறுமையாக முன்னே வருவதுதான் அரிது. கூட்டு முயற்சி என்று மேடையில் பேசுவதெல்லாம், இந்த விளையாட்டில், அந்த ஒரு வினாடிக்குள் அடங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

இதைத் திருத்த அறிவுரை உதவாது, பயிற்சிதான் உதவும். முதலாவது 'பாஸ்' (நிறுத்தம்) டிரில்: கை முழங்காலைத் தாண்டியதும் எட்டுப் பேரும் ஒரு கணம் நிற்பது, காக்ஸ் சொன்னதும் சேர்ந்து நகர்வது. அடுத்தது ஷூவிலிருந்து பாதத்தை வெளியே எடுத்துவைத்து வலிப்பது. ஃபினிஷில் உடம்பைப் பின்னால் எறிபவர் அப்போதே மல்லாந்துவிடுவார், யாரும் சொல்லத் தேவையில்லை. துடுப்பைத் திருப்பிப் படுக்கவைக்காமல், நிமிர்த்தியபடியே முன்னே கொண்டுவருவது இன்னொன்று. துடுப்பின் தட்டையான முனை, அதாவது அலகு, தண்ணீரில் இடிக்காமல் இருக்கவேண்டுமானால் ஃபினிஷில் கையைச் சுத்தமாகக் கீழே அழுத்தியாக வேண்டும்.

படகு ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே ஆளுக்கு ஆள் குற்றம் சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் கையின் உயரம்தான். போர்ட் பக்கம் (படகின் இடப்பக்கம்) சாய்கிறது என்றால் போர்ட் பக்கத்தவர்களின் கைகள் தாழ்ந்திருக்கும், அல்லது எதிர்ப்பக்கத்தவர்களின் கைகள் தூக்கியிருக்கும். பின்னோக்கி உட்காருவதால் போர்ட் துடுப்பு வலிப்பவருக்கு வலக்கைப் பக்கம் வரும். முதல் மாதத்தில் இதில் குழம்பாதவர் கிடையாது. சாய்ந்த படகை உடம்பை வளைத்துச் சரிசெய்யப் பார்ப்பது இன்னும் மோசம். அது அடுத்த இழுப்பில் மறுபக்கம் சாயும்.

இருக்கைகளுக்கு அணியத்திலிருந்து எண். முனையில் உட்காருபவர் 1, அவர் பெயர் 'பவ்'. காக்ஸின் முகத்துக்கு நேரே உட்காருபவர் 8, அவர் 'ஸ்ட்ரோக்'. எல்லோரும் முன்னிருக்கும் முதுகைப் பார்த்துத்தான் வலிக்கிறார்கள். அதனால் 8 வைக்கிற தாளம்தான் படகின் தாளம். அதை மறுபக்கத் துடுப்புகளுக்குக் கடத்துவது 7-ன் வேலை. அது பெயர் வாங்கித் தராத, ஆனால் மிகக் கடினமான இருக்கை. நடுவில் இருக்கும் 3 முதல் 6 வரை 'எஞ்சின் ரூம்': கனமானவர்கள், வலுவானவர்கள். முனைப் பக்கம் படகு ஒல்லி, கொஞ்சம் அசைந்தாலும் ஆடும். அதனால் 1, 2-ல் இலேசான, நுணுக்கமான கைகள். பலத்தில் மட்டும் முந்தியவரை ஸ்ட்ரோக்கில் உட்காரவைத்து, அவர் தாளம் தவறி, படகே தடுமாறுவது ஒவ்வொரு வருடமும் எங்காவது நடக்கும் தவறு.

காக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. "சும்மா உட்கார்ந்து கத்துபவர்" என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். சுக்கானைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் படகுக்குத் தடை கூடுகிறது. நல்ல காக்ஸ் துடுப்புகள் தண்ணீரில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். "இன்னும் வலு!" என்று கூவுவது தகவல் ஆகாது. "ஐந்தாம் தடத்துப் படகின் மூன்றாம் இருக்கைக்கு நேரே இருக்கிறோம், பத்து இழுப்பில் அதன் முனைக்குப் போகிறோம்" என்பது தகவல். முன்னே பார்க்க முடியாத எட்டுப் பேருக்குக் கண் அவர் ஒருவர்தான். நிறுத்தச் சொல்லும் கட்டளை அமெரிக்கக் கல்லூரிகளில் 'வே எனஃப்'. முதல் நாள் இதைக் கேட்டு வலிப்பதை நிறுத்தாமல் முழிப்பவர்கள் உண்டு.

சரி, எட்டுப் பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது? குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும் பாஸ்டன், இத்தாகா போன்ற ஊர்களில் கல்லூரி அணிகள் மாதக்கணக்கில் எர்க் என்ற, தரையில் வைத்துத் துடுப்பு வலிக்கும் இயந்திரத்தில்தான் காலம் தள்ளுகின்றன. கான்செப்ட்2 நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த முதல் மாதிரியில் சைக்கிள் சக்கரம்தான் சுழலும். இன்று காற்றை வெட்டும் விசிறிச் சக்கரம். காற்றுத் தடையைக் கூட்டிக் குறைக்கும் பக்கவாட்டு நெம்பை 10-ல் வைத்தால் வீரம் என்று நினைப்பது புதியவர்களின் முதல் தவறு. திரையில் தெரியும் டிராக் ஃபேக்டர் (தடையின் அளவு) 110-லிருந்து 130-க்குள் இருந்தால் போதும். அதற்கு நெம்பு பெரும்பாலும் பாதியளவே போகவேண்டும். 10-ல் வைத்து இழுத்தால் படகு கனத்துப்போன மாதிரி ஆகிவிடும், கீழ்முதுகு பதில் சொல்லும்.

எர்க்கின் கணக்கு இரக்கமற்றது. தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயருகிறது. 500 மீட்டருக்கு 2:00 என்ற வேகத்துக்கு 203 வாட் போதும். 1:50-க்கு 263. 1:40-க்கு 350. 1:30-க்கு 480. அதாவது 2000 மீட்டரை 6:40-ல் முடிப்பவர் 6:00-க்கு வரவேண்டுமானால், 37 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். அதனால்தான் முதல் 500 மீட்டரில் உற்சாகத்தில் பத்து வினாடி 'சம்பாதிப்பவர்' மூன்றாவது 500-ல் வட்டியோடு திருப்பிக் கட்டுகிறார். 7:20 இலக்கு என்றால் 1:48, 1:51, 1:51, 1:50 என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். தொடக்கத்துப் பத்து இழுப்பு மட்டும் இலவசம் மாதிரி. உடம்பில் சேமித்த சக்தி அதற்குப் போதும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதப்படுகிறது.

துடுப்பு வலிப்பது என்று நம் மொழியில் சொல்வது எத்தனை பொருத்தம். மூன்றாவது 500 மீட்டரில் அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடும். தொடக்கத்து உற்சாகம் அங்கே தீர்ந்திருக்கும், முடிவுக்கோடு இன்னும் தெரியாது. குளிர்காலம் முழுக்கப் பயிற்சியாளர் பழக்குவது இந்த இடத்தைத்தான். ஆனால் பழக்கும் முறை பலர் நினைப்பது போல் தினமும் உயிரை வாங்குவது கிடையாது. நேரத்தின் பெரும்பகுதி நிமிடத்துக்கு 18, 20 இழுப்பில், பேசமுடிகிற வேகத்தில் 60 முதல் 90 நிமிடம். 2000 மீட்டர் பந்தயத்துக்கு வேண்டிய சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் மூச்சுக்காற்றிலிருந்துதான் வருகிறது. அந்தப் பகுதியை வளர்க்க இந்தச் சலிப்பான உழைப்பைத் தவிர வேறு வழி கிடையாது. விடாமுயற்சி என்ற பெரிய சொல்லுக்கு ரோயிங்கில் அர்த்தம் பிப்ரவரி மாதக் காலை ஆறு மணிக்குச் சுவரைப் பார்த்தபடி 75 நிமிடம் எர்க் இழுப்பது. யாரும் கைதட்டாத வேலை.

அப்படி இழுத்து நல்ல எண் வாங்கியவர் படகில் சோபிப்பாரா? "எர்க் தண்ணீரில் மிதக்காது" என்பது ரோயிங்காரர்களிடையே பழம்பேச்சு. எர்க்கில் சமநிலை பார்க்க வேண்டாம், அலகைத் தண்ணீருக்குள் புதைக்கும் நேரம் பார்க்க வேண்டாம், முன்னிருப்பவரைப் பின்பற்ற வேண்டாம். அதனால் பயிற்சியாளர் கையில் இன்னொரு கருவி வேண்டும். அதுதான் சீட் ரேஸ்.

நான்கு பேர் படகு இரண்டு. பக்கத்துப் பக்கத்தில், ஒரே இழுப்பு எண்ணிக்கையில், சுமார் 1000 மீட்டர். ஏ படகு 2 வினாடியில் முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். படகுகளை ஒட்டி நிறுத்தி, இரண்டிலும் 3-ஆம் இருக்கைக்காரர்களை மட்டும் மாற்றி உட்காரவைக்கிறார்கள். மறுபடி ஓட்டம். இப்போது பி படகு 1 வினாடியில் முந்துகிறது. மொத்தம் 3 வினாடி இடம் மாறியிருக்கிறது. இதைப் பார்த்து, ஏ-யிலிருந்து பி-க்குப் போனவர் மற்றவரை விட 3 வினாடி வேகம் என்று எழுதிக்கொள்பவர்கள் உண்டு. தப்பு. அவர் போனதால் ஒரு படகு மெதுவானது, வந்ததால் மற்றது வேகமானது. இடைவெளி இரண்டு பக்கமும் எண்ணப்பட்டுவிட்டது. இருவருக்கும் உள்ள வித்தியாசம் 1.5 வினாடிதான்.

இதில் கெடுதல் வரும் வழிகள் நிறைய. ஒரு படகு 32-லும் மற்றது 34-லும் வலித்தால் முடிவைக் குப்பையில் போடவேண்டியதுதான். அதனால் உச்ச எண்ணிக்கையைக் கட்டிவைத்து, காக்ஸ்களைக் கண்காணிக்க வேண்டும். காற்று திரும்பிவிடும். நான்காவது ஓட்டத்துக்குள் எல்லோரும் களைத்துவிடுவார்கள், தாங்கும் திறன் உள்ளவருக்கு அது சாதகம். நட்புக்காக ஒருவருக்கு மட்டும் கூட்டி இழுப்பதும் நடக்கும். அதைத் தடுக்கத்தான் நல்ல பயிற்சியாளர்கள் யாரை மாற்றப்போகிறார்கள் என்பதைக் கடைசி நிமிடம் வரை சொல்வதில்லை. சில நேரம் மாற்றாமலே மறுபடி ஓடவிடுவார்கள். அந்த ஓட்டத்தின் முடிவு முந்தையதோடு ஒத்துவராவிட்டால் அன்றைய எண்கள் எதையும் நம்பக் கூடாது.

சீட் ரேஸ் ஆச்சரியங்களைக் கொண்டுவரும். எர்க்கில் ஆறாவது இடத்தில் இருப்பவர் எந்தப் படகில் ஏறினாலும் அது வேகமாகிறது என்று தெரியவரும். ஏன் என்று அவராலும் சொல்ல முடியாது. அவர் பின்னால் இருப்பவர்களுக்குப் பின்பற்ற எளிதான முதுகு, அவ்வளவுதான். எண்ணை மட்டும் பார்த்து அவரை இரண்டாம் படகில் உட்காரவைக்கும் பயிற்சியாளர் நேர்மையானவராக இருக்கலாம், நல்ல பயிற்சியாளர் என்று சொல்லமாட்டேன். முடிவைக் காரணத்தோடு நேரில் சொல்வதும் அதே அளவு முக்கியம். படகுக் கொட்டகைச் சுவரில் பட்டியல் ஒட்டிவிட்டு நழுவுகிறவர்களின் அணியில், இரண்டாம் படகு ஏப்ரல் மாதத்துக்குள் செத்துவிடும். முதல் படகை தினமும் நெருக்கிப் பிடிக்க இரண்டாம் படகு உயிரோடு இருந்தாக வேண்டும்.

1936 பெர்லின் ஒலிம்பிக் எய்ட் பந்தயம் ஒரு கல்லூரி அணி வென்றது. சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் ஒன்பது பேர், ஜார்ஜ் போகாக் செய்த 'ஹஸ்கி கிளிப்பர்' என்ற மரப்படகு. பயிற்சியாளர் அல் அல்பிரிக்சன் அந்த ஒன்பது பேரைக் கண்டடையும் முன் பலமுறை ஆட்களை மாற்றிப் பார்த்தவர். இறுதிப் பந்தயத்தின்போது ஸ்ட்ரோக் டான் ஹியூமுக்கு உடல்நிலை சரியில்லை. தொடக்கம் பிசகியது, பாதி தூரத்தில் பின்தங்கியிருந்தார்கள். காக்ஸ் பாபி மோக் எண்ணிக்கையை ஏற்றச் சொல்லி, முடிவில் 6:25.4. இத்தாலி 6:26.0, ஜெர்மனி 6:26.4. இத்தாலிக்கும் இவர்களுக்கும் நடுவில் 0.6 வினாடி, தூரத்தில் சொன்னால் சுமார் 3 மீட்டர். இருநூற்றுச் சொச்சம் இழுப்புகளில் அதைப் பகிர்ந்து பார்த்தால், ஒரு இழுப்புக்கு ஒன்றரை செ.மீ. கூட வராது.

அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கு ஒரு தனிச் சரித்திரமே உண்டு. 1852-ல் நியூ ஹாம்ப்ஷயரின் வின்னிபெசாகி ஏரியில் ஹார்வர்டும் யேலும் மோதியதுதான் அந்த நாட்டின் முதல் கல்லூரிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி. ஃபுட்பாலுக்கு முன்னால். பெண்கள் வெகுகாலம் காத்திருந்தார்கள். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 'டைட்டில் நைன்' சட்டம் 1972-ல் வந்தது. யேலில் பெண்கள் அணிக்குப் படகுத்துறையில் குளிக்க இடம் இல்லை. ஆண்கள் குளித்துவிட்டு வரும்வரை, குளிர்காலத்தில் நனைந்த உடையோடு பேருந்தில் காத்திருந்தார்கள். 1976 மார்ச்சில் கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் 19 பேர் நிர்வாக அலுவலகத்துக்குப் போய், உடையைக் களைந்து, உடம்பில் எழுதியிருந்த அந்தச் சட்டத்தின் பெயரைக் காட்டினார்கள். எட்டுப் பேர் ஒன்றாக அசையப் பழகியவர்களுக்கு 19 பேர் ஒன்றாக அசைவது பெரிய காரியமாகத் தெரிந்திருக்காது போலும்.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ பெண்கள் ரோயிங்குக்கு 1997-லிருந்து சாம்பியன்ஷிப் நடத்துகிறது. அதன் முதல் டிவிஷனில் ஒரு நல்ல ஏற்பாடு: ஒரு எய்ட் ஜெயித்தால் போதாது. இரண்டு எய்ட், ஒரு நால்வர் படகு ஆகிய மூன்றின் புள்ளிகளையும் சேர்த்துத்தான் கோப்பை. இரண்டாம் படகை அலட்சியம் செய்கிறவர்களுக்கு விதியே பாடம் நடத்துகிறது. ஆண்கள் பக்கம் இன்றும் என்சிஏஏவுக்கு வெளியே, 1895-ல் ஹட்சன் நதியில் தொடங்கிய ஐஆர்ஏ ரெகாட்டா என்ற படகுப் போட்டிதான் பெரிது. பல கல்லூரிகளில் படகையே பார்த்திராத முதலாண்டு மாணவர்களைச் சேர்க்கிறார்கள், 'வாக் ஆன்' என்று பெயர். கூடைப்பந்திலோ நீச்சலிலோ பதினெட்டு வயதில் தொடங்கி அணிக்கு வருவது கனவு. இங்கே நடக்கிறது.

அப்படி வருபவர்களுக்கு மூன்று விஷயம்.

உள்ளங்கைக் கொப்புளத்துக்குக் கையுறை மருந்தல்ல. கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் நோய். விரல்களைக் கொக்கி போல் மாட்டினால் போதும். இழுப்பது வெளிக்கை (கைப்பிடியின் நுனியைப் பிடித்த கை), துடுப்பைத் திருப்புவது உள்கை (ரிக்கர் பக்கத்துக் கை). இரண்டு கையாலும் திருப்புபவருக்குக் கை கிழிவது நிச்சயம்.

'நண்டு பிடிப்பது' என்று ஒன்று உண்டு. அலகு தண்ணீரைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே அதைத் திருப்பிவிட்டால், தண்ணீர் அதைக் கவ்விக்கொள்ளும். படகு ஓடுகிற வேகத்தில் கைப்பிடி வயிற்றை நோக்கிப் பாயும். சண்டை போடாதீர்கள். மல்லாந்து படுத்து, கைப்பிடியைத் தலைக்கு மேலே போகவிடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தவர்களைத் துடுப்பு படகிலிருந்து தூக்கி வெளியே எறிந்திருக்கிறது.

விலா எலும்பு வலி மூன்றாவது. மூச்சை ஆழமாக இழுத்தால், இருமினால், படுக்கையில் புரண்டால் ஒரே இடத்தில் குத்துகிறதா? திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் வரும் நுண்விரிசலாக (ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்) இருக்கலாம். ரோயிங்கில் இது சாதாரணம். தேர்வு நேரத்தில் இதை மறைப்பவர்கள் அதிகம். மறைத்து வலித்தால் சில வாரங்களில் ஆறவேண்டியது பருவத்தையே விழுங்கிவிடும்.

பந்தய நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொடக்கம் முக்கால் ஸ்லைடு, அரை, முக்கால், முழு, முழு என்று ஐந்து இழுப்பு. பிறகு 40-க்கு மேல் ஒரு இருபது. பிறகு 36 அளவில் இறங்கி நிலைகொள்வது. எண்ணிக்கை இறங்கவேண்டும், அழுத்தம் இறங்கக் கூடாது. இந்த இறக்கத்தில்தான் பழகாத அணிகள் வேகத்தைத் தொலைக்கின்றன. கடைசி 300, 400 மீட்டரில் எண்ணிக்கையை இரண்டிரண்டாக ஏற்றுவது. ஒரேயடியாக ஏற்றினால் ஸ்லைடு ரஷ் ஆகிவிடும், பழைய கதை.

முடிந்ததும் தோற்ற அணிகள் ஜெயித்த அணிக்குத் தங்கள் பனியனைக் கழற்றிக் கொடுப்பது அமெரிக்கக் கல்லூரிகளில் வழக்கம். ஜெயித்தவர்கள் காக்ஸைத் தண்ணீரில் தூக்கிப் போடுவார்கள். அப்புறம் எல்லோருக்கும் ஒரே வேலை. காக்ஸ் குரல் கொடுக்க, எட்டுப் பேரும் படகைத் தலைக்கு மேல் தூக்கி, தோளுக்கு இறக்கி, டிரெய்லர் வரை நடக்கவேண்டும். ரிக்கர்களை 10 மி.மீ. அல்லது 7/16 அங்குல ஸ்பேனரால் கழற்றி, நட்டுகளைத் தொலையாமல் திரும்ப அதே போல்டில் மாட்டி, படகை இரண்டு இடத்தில் பெல்ட் போட்டுக் கட்டவேண்டும். பனியன் இழந்தவர்களும் அந்த நட்டுகளை எண்ணித்தான் ஆகவேண்டும். திங்கட்கிழமை காலை அதே படகைத்தான் மறுபடி பூட்டப்போகிறார்கள்.